‘ஷி’யா, ‘கி’யா?

அன்புள்ள ஐயா,

பிரெஞ்சு வகுப்பில், பிரான்சின் மேற்குக் கரையில் இருக்கும் மாரேன்-ஒலேரோன் சிப்பிப் பண்ணைகளைப் பற்றி ஒரு பாடம். சிப்பி, மட்டி வளர்ப்பு எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரு நீளமான சொல் வந்தது: conchyliculture. நான் ‘கோன்ஷிலி...’ என்று வாசித்தேன், தோழி ‘கோன்கிலி...’ என்கிறாள். எது சரி? எப்படிப் பிரித்துப் படிப்பது?

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

தோழி சொன்னதுதான் சரி. கோன் – கி – லி – க்யுல் – த்யுர், ஐந்து அசை. ஆனால் உங்கள் வாசிப்பிலும் நியாயம் இருக்கிறது, ஏனென்றால் சியும் எச்சும் (ch) சேர்ந்து வந்தால் பிரெஞ்சில் பெரும்பாலும் ‘ஷ’தான், கிரேக்கத்திலிருந்து வந்த சொற்களில் மட்டும் அது இரண்டு பக்கமும் சாயும்: வேதியியலுக்கு ‘ஷிமி’ என்பார்கள், ஆர்க்கிட் பூவுக்கோ ‘ஓர்கிதே’. இதற்கு உறுதியான விதி கிடையாது, சொல் சொல்லாகத்தான் பழக வேண்டும். நம் சொல்லின் முன்பாதி கிளிஞ்சலைக் குறிக்கும் கிரேக்கச் சொல், அதன் மூலமான ‘கோங்க்கே’யை சம்ஸ்கிருத ‘சங்க’த்தோடு, அதாவது நம்முடைய சங்கோடு, அருகருகே வைத்துக் காட்டும் அகராதிகள் உண்டு.

தமிழ் நாக்கு தடுக்குவது அங்கேதான். சங்கு என்று சொல்லிப் பாருங்கள், ‘ங்’குக்குப் பின் க தானாகவே மெலிந்துவிடுகிறது. அதே பழக்கத்தில் ‘கோங்கிலி’ என்றால் பிரெஞ்சுக்காரருக்கு அது வேறு ஒலி. இரண்டாவது க, ‘பக்கம்’ என்பதில் வருவதுபோல வல்லினமாகவே நிற்க வேண்டும். முதல் அசையில் நான் போட்டிருக்கும் ‘ன்’ வேறு வழியில்லாமல் போட்டது, நாக்கை எங்கும் தொடவிடாமல் ‘ஓ’வை மூக்கு வழியே விடுங்கள், போதும். அப்புறம் ‘க்யுல்’, ‘த்யுர்’: ‘உ’ சொல்வதுபோல உதட்டைக் குவித்து வைத்துக்கொண்டு, உள்ளே ‘இ’ என்று சொல்லுங்கள். முதலில் கண்ணாடி முன் நின்று பழகினால் நல்லது. அழுத்தம் கடைசி அசையில், நாம் வழக்கமாகக் கொடுப்பதுபோல முதலில் இல்லை.

எழுத்தில் கடைசியாக நிற்கும் ‘ஈ’ (e) பொதுவாகப் பேச்சில் விழுந்துவிடும். பிரான்சின் தெற்கே, சேத் ஊருக்குப் பக்கத்தில் தோ என்ற உப்பங்கழி இருக்கிறது, அலையேற்றம் அநேகமாகவே இல்லாத நீர், அதனால் சிப்பிகளைக் கயிற்றில் சிமெண்ட் வைத்து ஒட்டித் தண்ணீருக்குள் தொங்கவிட்டு வளர்க்கிறார்கள். அந்தத் தெற்கத்திப் பேச்சில் பொதுவாக அந்த ‘ஈ’ விழாது, ‘த்யு-ர’ என்று மெல்ல ஒலிக்கும், அங்கே ஆறு அசை.