எண் பலகையில் இதயம் எதற்கு?

கேள்வி: கலிஃபோர்னியாவில் வசிக்கும் மகன் வீட்டிற்குச் சென்றிருந்தபோது, சில கார்களின் எண் பலகையில் எழுத்துகளுக்கு நடுவே இதயம், கை, நட்சத்திரம் போன்ற சின்னங்களைக் கண்டேன். குழந்தைகள் நலனுக்காகக் கூடுதல் பணம் கட்டி வாங்குவது என்றார்கள். அந்தப் பணம் உண்மையிலேயே குழந்தைகளுக்குச் சேருகிறதா? என் மகனும் வாங்கலாமா?

பதில்: நீங்கள் கண்டவை 'கிட்ஸ் பிளேட்' எனப்படும் சிறப்பு எண் பலகைகள். இதயம், கை, ஐந்துமுனை நட்சத்திரம், கூட்டல் குறி ஆகியவற்றில் ஒன்றை விரும்பியவர் தேர்ந்தெடுக்கலாம். வழக்கமான பதிவுக் கட்டணத்துக்கு மேல் முதலில் சுமார் 50 டாலரும், பிறகு ஆண்டுதோறும் அதைவிடச் சற்றுக் குறைவாகவும் செலுத்த வேண்டும். எழுத்துகளையும் தாமே அமைத்துக்கொள்வோருக்குக் கட்டணம் இன்னும் அதிகம். வாகனத் துறையின் நிர்வாகச் செலவு போக மீதம், குழந்தைகள் நல, பாதுகாப்பு நிதிக்குச் செல்கிறது. அதில் பாதி வரை குழந்தைக் காப்பகங்களின் கண்காணிப்புக்கும், எஞ்சியது குழந்தை வதைத் தடுப்புக்கும் விபத்துக் காயத் தடுப்புக்கும் பிரிக்கப்படுகிறது.

ஆகவே, காயத் தடுப்புக்குக் கிடைப்பது ஒரு பங்கே. ஆனால் அந்தப் பங்கின் பயனைக் குறைத்து மதிப்பிட முடியாது. அமெரிக்காவில் ஒன்று முதல் நான்கு வயது வரையிலான குழந்தைகளின் இறப்புக்கு முதன்மைக் காரணம் நீரில் மூழ்குதல். வீட்டு நீச்சல் குளத்தை நான்கு புறமும் வேலியிட்டு, தானே மூடிக்கொள்ளும் கதவையும் பொருத்தினால் அந்த ஆபத்து வெகுவாகக் குறைகிறது. எட்டு வயதுக்குட்பட்ட குழந்தை காரில் அதற்குரிய இருக்கையில், பின்பக்கம் அமர வேண்டும் என்றும், பதினெட்டு வயதுக்குட்பட்டோர் தலைக்கவசமின்றி மிதிவண்டி ஓட்டக் கூடாது என்றும் கலிஃபோர்னியச் சட்டம் கூறுகிறது. சட்டம் இருக்கையையோ கவசத்தையோ வாங்கித் தருவதில்லை. இருக்கையை வாங்கிய பெற்றோரிலும் பலர், பட்டை தளர்ந்திருப்பதைக் கவனிக்காமல் பொருத்திவிடுகிறார்கள். அதைச் சரிபார்த்துக் கற்றுத்தரும் பயிற்சியாளருக்கும், வசதியற்ற குடும்பங்களுக்கு வழங்கும் கவசங்களுக்கும் இத்தகைய நிதியே கைகொடுக்கிறது.

குறை என்னவென்றால், விற்பனை சரிந்தால் வருவாயும் சரியும். ஒரு குழந்தையின் உயிர்ப்பாதுகாப்பு, கார் உரிமையாளரின் ரசனையை நம்பியிருப்பது எனக்கு அவ்வளவு உவப்பானதல்ல. வரவுசெலவுத் திட்டத்தில் நிலையான ஒதுக்கீடும் வேண்டும். இருப்பினும், எப்படியும் விருப்ப எழுத்துகளுக்காகக் கூடுதல் பணம் கட்டப்போகிறார் என்றால், உங்கள் மகன் இந்தப் பலகையைத் தாராளமாக வாங்கலாம். காயத் தடுப்புக்கு மட்டும் உதவுவதே நோக்கமானால், கார் இருக்கைகளை இலவசமாக வழங்கும் உள்ளூர் அமைப்புக்கு நேரடியாக நன்கொடை அளிக்கட்டும். அந்தப் பணம் நேரடியாக அந்த வேலைக்கே உதவும்.