நவம்பர் 1 பற்றிக் கேளுங்கள்

கேள்வி: சார், தமிழ்நாடு நாள் நவம்பர் 1-ஆ, ஜூலை 18-ஆ?

பதில்: 2019-ல் நவம்பர் 1 என்று அறிவித்தார்கள். 2021-ல் அது ஜூலை 18 ஆனது. 1956 நவம்பர் 1-ல் மொழிவாரி மாநிலங்கள் அமைந்தன. 1967 ஜூலை 18-ல் பெயர் மாற்றத் தீர்மானம் சட்டமன்றத்தில் நிறைவேறியது. 1956-ல் நம் மாநிலத்துக்கு ‘சென்னை’ என்றுதான் பெயர், அதனால் எனக்கு ஜூலை 18-தான் பொருத்தமாகப் படுகிறது.

கேள்வி: சங்கரலிங்கனார் உயிர் விட்டது அந்த நவம்பர் 1-லா?

பதில்: இல்லை. 1956 அக்டோபர் 13. ‘தமிழ்நாடு’ என்ற பெயர் உட்படப் பல கோரிக்கைகளை வைத்து விருதுநகரில் எழுபது நாளுக்கு மேல் சாப்பிடாமல் கிடந்தார். இன்னும் பத்தொன்பது நாள் இருந்திருந்தால் புது மாநிலத்தைப் பார்த்திருப்பார், பழைய பெயரோடு.

கேள்வி: அண்ணா, நான் நாகர்கோவில். எங்கள் ஊர் அன்றைக்குத்தான் தமிழ்நாட்டுக்கு வந்ததா?

பதில்: ஆமாம் தம்பி. அதுவரை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்த தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு என்று நான்கு தாலுகாக்கள் சேர்ந்து கன்னியாகுமரி மாவட்டம் ஆயின. செங்கோட்டையின் பெரும்பகுதி திருநெல்வேலிக்கு வந்தது. சும்மா வரவில்லை. தமிழ்நாட்டோடு சேரக் கேட்டு நேசமணி தலைமையில் நடந்த போராட்டத்தில், 1954 ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டம், புதுக்கடையில் துப்பாக்கிச்சூடு நடந்து உயிர்கள் போயின. அவ்வளவுக்குப் பிறகும், போராட்டத்தில் கேட்ட தேவிகுளம், பீர்மேடு தாலுகாக்கள் கேரளத்தோடு நின்றுவிட்டன.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. தக்கலை பக்கத்தில் பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போயிருப்பீர்களே? மண் நம்முடையது, அரண்மனை நிர்வாகம் கேரளத் தொல்லியல் துறையிடம். வாசலில் சீட்டு வாங்கினால் காசு திருவனந்தபுரத்துக்கு!

கேள்வி: அன்றைக்கு நம்மிடமிருந்து போனது எதுவும் உண்டா?

பதில்: நிறைய. மலபார் கேரளத்துக்கு, தென் கன்னடத்தின் பெரும்பகுதி மைசூருக்கு (இன்றைய கர்நாடகம்). கோவை மாவட்டத்தில் இருந்த கொள்ளேகால் தாலுகாவும் மைசூருக்கே. மாதேஸ்வரன் மலைக்கு இங்கிருந்து பஸ் ஏறுகிறவர்கள் இப்போது கர்நாடகத்துக்குள் போக வேண்டியிருப்பது இதனால்தான். பலர் மறந்துவிடுவது லட்சத்தீவுகளை. அதுவரை அவையும் சென்னை மாநிலத்தில்தான் இருந்தன, அன்றுதான் யூனியன் பிரதேசம் ஆயின.

கேள்வி: திருத்தணி?

பதில்: அது வேறு கதை. ஆந்திரத்தோடு எல்லை பேசி 1960 ஏப்ரல் 1-ல் வந்தது. வடக்கெல்லைக்காகப் போராடிய ம.பொ.சி.யை அதற்காகத் தனியாக நினைக்க வேண்டும். ஏப்ரல் 1 அன்று கேளுங்கள், விரிவாகச் சொல்கிறேன்.