வயர்லெஸ் கேம் கன்ட்ரோலர் சீக்கிரமே அணைந்துவிடுகிறது: பேட்டரியை மாற்றினால் சரியாகுமா?

முழு சார்ஜ் ஏற்றியும் அரை மணி நேரம்கூடத் தாங்கவில்லை என்றால், பெரும்பாலும் பேட்டரிதான் காரணம், மாற்றினால் சரியாகும். லித்தியம் அயான் செல் பழசாகும்போது கொள்ளளவு குறையும், உள்மின்தடை கூடும். அதனால்தான் அதிர்வு மோட்டார் ஓடும் கணத்தில் மின்னழுத்தம் சரிந்து, இரண்டு கோடு சார்ஜ் காட்டிய கன்ட்ரோலர் பட்டென்று அணைகிறது.

சார்ஜே ஏறவில்லையா? பேட்டரியைக் குறை சொல்லும் முன் வேறு கேபிள் போட்டுப் பாருங்கள், போர்ட்டில் தூசி இருக்கிறதா என்றும் பாருங்கள்.

டூயல்ஷாக் 4 (பிளேஸ்டேஷன் 4-இன் கன்ட்ரோலர்) என்றால் பின்பக்கம் நான்கு ஸ்க்ரூதான். கழற்றியதும் மூடியை வெடுக்கென்று இழுக்காதீர்கள். உள்ளே இரு பாதிகளையும் மெல்லிய ரிப்பன் கேபிள் இணைக்கிறது, அது கிழிந்தால் வேலை இரட்டிப்பாகும். பேட்டரியின் வெள்ளை பிளக்கை இடுக்கியால் பக்கவாட்டில் பிடித்து அசைத்து எடுங்கள், வயரைப் பிடித்து இழுக்க வேண்டாம். பழைய பேட்டரியின் லேபிளில் சுமார் 3.7 வோல்ட், 1000 எம்ஏஎச் (கொள்ளளவின் அலகு) என்றிருக்கும். முதல் மாடலுக்கும் பிந்தைய மாடலுக்கும் பிளக் அளவு வேறு. இதைக் கவனிக்காமல் வாங்கி ஏமாறுகிறவர்கள் நிறைய. அதே அளவு பேட்டரியில் இரண்டு மடங்கு எம்ஏஎச் என்று அச்சிட்டிருந்தால் நம்பாதீர்கள்.

பேட்டரி உப்பியிருந்தால் சார்ஜ் போடவோ, அழுத்தவோ, குத்தவோ கூடாது. தீப்பிடிக்கும். குப்பையில் போடாமல் மின்கழிவு சேகரிக்கும் இடத்தில் கொடுங்கள்.

எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலரில் ஏஏ ரீசார்ஜபிள் பேட்டரி போடுகிறவர்கள் இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். புதுசும் பழசும் கலந்தால் பலவீனமான செல் முதலில் தீர்ந்து கெட்டுப்போகும்.