நூறடிச் சுவருக்குப் பதினேழு லோடு கல்!

(வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்பவர் பொதுப்பணித் துறையில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். இப்போது திருச்சி பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் எஸ்டிமேஷன் (கட்டுமானத்தின் அளவு, செலவு மதிப்பீடு) பாடம் எடுக்கிறார்.)

கேள்வி: நான் சிவில் துறையில் உதவிப் பேராசிரியை. என் மாணவர்கள் சென்டர் லைன் முறையில் (சுவர்களின் நடுக்கோட்டு நீளத்தை வைத்து அளவு காணும் முறை) கணக்குப் போட்டு முழு மதிப்பெண் வாங்குகிறார்கள். ஆனால் கண்ணெதிரே இருக்கும் ஒரு திண்ணையைக் காட்டி, "இதற்கு எத்தனை கல் ஆகும்?" என்றால் விழிக்கிறார்கள். எங்கே தவறுகிறேன்? - ஈரோடு வாசகி

பதில்: தவறு உங்களிடமும் இல்லை, பிள்ளைகளிடமும் இல்லை மேடம். வினாத்தாளில் இருக்கிறது. அளவையும் நாமே கொடுத்து, விலையையும் நாமே கொடுத்து, 'கணக்கிடுக' என்றால் அது வெறும் பெருக்கல் பரீட்சைதானே?

நான் வகுப்புக்குப் போன முதல் வருடம், ஒரு சுற்றுச்சுவரைக் கொடுத்தேன். 30 மீட்டர் நீளம், ஒன்றரை மீட்டர் உயரம், 23 செ.மீ. கனம். கடைக்காலை விட்டுவிட்டு, மேலே நிற்கும் சுவருக்கு மட்டும் எத்தனை செங்கல்? ஒரு தம்பி 51,750 என்று எழுதி, ஸ்கேல் வைத்து அடியில் இரண்டு கோடு போட்டிருந்தான். கன மீட்டருக்கு 500 கல் என்று பெருக்கும்போது 10.35 கன மீட்டர் 103.5 ஆகிவிட்டது. புள்ளி தள்ளிப்போவது எனக்கும் நடக்கும். ஆனால் அதை அப்படியே பலகையில் எழுதிக் காட்டியபோதும் வகுப்பில் ஒருவருக்கும் உறுத்தவில்லை. "எங்கள் பக்கம் ஒரு லோடு என்றால் மூவாயிரம் கல். நூறடிச் சுவருக்குப் பதினேழு லாரி வருமா?" என்று கேட்டேன். அப்புறம்தான் சிரித்தார்கள்.

மறுநாள் பத்துச் செங்கல்லை வகுப்புக்கே கொண்டுவரச் செய்து, வரிசையாக வைத்து டேப் பிடித்தோம். சராசரி 22 x 10.5 x 7 செ.மீ. கலவையையும் சேர்த்தால் 23 x 11.5 x 8. ஒரு கன மீட்டருக்கு 473 கல் வருகிறது. பிள்ளைகள் மனப்பாடம் செய்திருந்ததோ 500. அது 19 x 9 x 9 செ.மீ. மாடுலர் கல்லுக்கான கணக்கு. அந்தக் கல்லை வைத்து 23 செ.மீ. கனத்தில் சுவரே எழுப்ப முடியாது, 20 தான் வரும். அந்தச் சுவருக்கு இரண்டு கணக்கும் ஐந்தாயிரத்தை ஒட்டி வருவதால் யாரும் இதைக் கவனிப்பதில்லை. எங்கள் கல்லுக்கு 4,896, உடைசலுக்கு 5 சதவீதம் சேர்த்து 5,140. இரண்டு லோடு இறக்கினால் கொஞ்சம் மிஞ்சும்.

அந்தச் சமயத்தில் கல்லூரியின் பின்பக்கம் ஏறக்குறைய அதே அளவில் ஒரு சுவர் எழும்பிக்கொண்டிருந்தது, நல்ல வேளை. வேலை தொடங்குமுன் ஒவ்வொருவரும் கல், சிமென்ட், நாள் மூன்றையும் எழுதி ஒரு கவரில் ஒட்டிக் கொடுத்தார்கள். சுவர் முடிந்தபின் பிரித்தோம். கல் எண்ணிக்கை பலருக்கும் கிட்டத்தட்டச் சரி. நாள் கணக்குதான் கவிழ்ந்தது. ஒரு கொத்தனார் ஒரு நாளைக்கு ஒரு கன மீட்டர், இரண்டு கொத்தனார், ஆகவே ஐந்து நாள் என்று எழுதியிருந்தார்கள். ஆனது எட்டு நாள். முதல் நாள் மூலை பிடித்து நூல் கட்டுவதிலேயே பாதி போயிற்று. இன்னொரு நாள் மணல் வந்தபோது மணி பதினொன்றைத் தாண்டிவிட்டது. இரண்டு மாணவிகள் தினமும் போய்க் குறித்து வைத்திருந்தார்கள். அதில் 'கொத்தனார் வீட்டு வளைகாப்பு, அரை நாள்' என்று ஒரு வரி. அந்த வரிக்கே முழு மதிப்பெண் போட்டேன்.

உங்கள் கல்லூரியிலும் ஏதாவது ஒரு மூலையில் ஒரு சுவரோ ஷெட்டோ கட்டிக்கொண்டுதான் இருப்பார்கள். விடைக்குப் பாதி மதிப்பெண் போதும். சொன்னதற்கும் நடந்ததற்கும் ஏன் இவ்வளவு இடைவெளி என்று எழுதுவதற்கு மீதிப் பாதியைக் கொடுங்கள்.

கேள்வி: பூச்சு அளவெடுக்கும்போது கதவுக்கு ஒரு பக்கம் மட்டும் கழிப்பது ஏன் சார்? கதவு இரண்டு பக்கமும்தானே இருக்கிறது? - மூன்றாம் ஆண்டு மாணவர், மதுரை

பதில்: நல்ல கேள்வி தம்பி. கட்டட வேலைகளை அளவெடுப்பதற்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 1200 சொல்வது இது: இரண்டு பக்கமும் ஒரே பூச்சாக இருந்தால், அரை சதுர மீட்டர் வரையுள்ள திறப்புக்குக் கழிக்க வேண்டாம். அதற்கு மேல் 3 சதுர மீட்டர் வரை ஒரு பக்கம் மட்டும் கழிக்க வேண்டும். கதவின் பக்கவாட்டு விளிம்பும் மேல் விளிம்பும் பூசவேண்டுமே, அதற்கு ஈடாக மறுபக்கத்தை விட்டுவிடுகிறார்கள். 1 x 2.1 மீட்டர் கதவை எடுத்துக்கொள். விட்டுக்கொடுப்பது 2.1 சதுர மீட்டர். நிலைக்கு வெளியே 13 செ.மீ. விளிம்பு தெரிகிறது என்றால் பூசுவது 0.68தான். மேஸ்திரிக்கு லாபம் என்று தோன்றும். தூக்குக்குண்டு பிடித்து ஒரு விளிம்பை நேராக்கிப் பார், அந்த லாபம் எங்கே போகிறது என்று தெரியும்.

கேள்வி: புராஜெக்ட் பிளானிங்குக்கு பிரைமவேரா மென்பொருள் கற்றுக்கொண்டால் போதுமா? - இறுதியாண்டு மாணவி, சேலம்

பதில்: கற்றுக்கொள் அம்மா, வேலை கேட்கப் போகும் இடத்தில் கேட்பார்கள். ஆனால் அது நீ சொல்வதைத்தான் வரையும். போன பருவத்தில் ஒரு குழு வண்ண வண்ணமாக பார் சார்ட் (எந்த வேலை எந்த நாளில் என்று காட்டும் பட்டை வரைபடம்) கொண்டுவந்தது. வெள்ளிக்கிழமை தளம் கான்கிரீட், திங்கள்கிழமை சீலிங் பூச்சு! "அடியில் முட்டு நிற்குமே, பூசுகிறவர் எங்கே நிற்பார்?" என்று கேட்டேன். கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 456 படி, தாங்கும் சுவருக்குச் சுவர் 4.5 மீட்டர் வரை இடைவெளியுள்ள தளத்துக்கு முட்டு குறைந்தது 7 நாள் நிற்கவேண்டும், அதற்கு மேல் என்றால் 14 நாள். காலண்டர் பகுதியில் ஞாயிறு மட்டும் விடுமுறையாக இருந்தது. ஐப்பசி மழையையும் பொங்கலுக்கு ஊருக்குப் போகும் ஆட்களையும் அந்தக் கணினிக்கு யார் சொல்வது?

1950களின் கடைசியில் அமெரிக்காவின் டூபான்ட் நிறுவனத்துக்காக கிரிட்டிக்கல் பாத் முறையை (எந்த வேலைகளின் தொடர் தாமதமானால் மொத்த வேலையும் தாமதமாகும் என்று கண்டுபிடிக்கும் முறை) உருவாக்கியவர்களும், எது முடிந்தால் எது தொடங்கலாம் என்ற பட்டியலிலிருந்துதான் ஆரம்பித்தார்கள். முதலில் ஒரு தாளில் அந்தப் பட்டியலை எழுது. ஒரு மேஸ்திரியிடம் காட்டு. அவர் சிரிக்கவில்லை என்றால் கணினியில் ஏற்று.

கேள்வி: மகன் சிவில் மூன்றாம் ஆண்டு. வீடு கட்டப் போகிறோம். அவனையே எஸ்டிமேட் போடச் சொல்லலாமா? - கரூர் வாசகர்

பதில்: தாராளமாகச் சொல்லுங்கள், ஆனால் அதை மட்டும் நம்பி வங்கியில் கடன் கேட்காதீர்கள். அதைவிட உருப்படியான வேலை ஒன்று அவனுக்கு உண்டு. கம்பியின் விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து, அதை அதாலேயே பெருக்கி 162ஆல் வகுத்தால் ஒரு மீட்டரின் எடை கிலோவில் வரும். 12 மி.மீ. கம்பி, 12 மீட்டர் நீளம் என்றால் ஒன்று 10.67 கிலோ. நூறு கம்பி 1,067 கிலோ. 12 மி.மீ. கம்பிக்கு எடை 5 சதவீதம் கூடக் குறைய இருக்க விதியே இடம் கொடுக்கிறது. அவன் நின்று கம்பியை எண்ணி, எடைமேடைச் சீட்டோடு ஒப்பிடட்டும். கம்பி இறங்கும் நாளில் மட்டும் காலேஜுக்கு லீவு போடச் சொல்லுங்கள், நான் சொன்னதாக.