பிள்ளை உழைத்தாள், அம்மாவின் சங்கிலி ஏன் அடகுக்குப் போக வேண்டும்?

கேள்வி: ஐயா, நாங்கள் திருகோணமலை உப்புவெளியில் இருக்கிறோம். மகளுக்கு 14 வயது. மணி கோத்து, நூலில் பின்னி பிரேஸ்லெட் செய்வாள். மே முதல் செப்டெம்பர் வரை கடற்கரைப் பக்கம் இரண்டு விடுதிகளில் வைத்ததில் ஒன்று 500 ரூபாவாக 420 விற்றது. மணி, நூல், பெட்டிக்கு 70,000, விடுதிக்காரருக்கு 20,000 போக 1,20,000 மிச்சம். பாடசாலையிலும் மேடையில் கூப்பிட்டுப் பாராட்டினார்கள். இவர் மண்டபம் எடுத்து, பெனர் அடித்து, 250 பேருக்குச் சாப்பாடு போட வேண்டும் என்கிறார். செலவு 3 லட்சம். என் சங்கிலியை வருடம் 15 வீத வட்டிக்கு அடகு வைத்து, மொய்க் காசில் மீட்கலாமாம். மகளின் சாமத்திய வீட்டுக்கு வைத்த காப்பே இன்னும் மீளவில்லை. அப்போது செலவு 3,50,000, மொய் 2,10,000. மிச்சத்துக்கு வைத்த காப்பை 2 வருடமாக வட்டி மட்டும் கட்டித் திருப்பி வைக்கிறோம். இதற்கிடையில் மகளின் சித்தப்பா படகு எஞ்சினுக்கு 75,000 கேட்கிறார். இவரின் அக்கா மகன் ஏதோ ஆப்பில் போட்டால் நாளுக்கு 2 வீதம் வரும் என்கிறார். என்ன செய்வது?

பதில்: தங்கச்சி, முதலில் பிள்ளைக்கு என் வாழ்த்து. விடுதிக்காரரின் பங்கு வரைக்கும் கணக்கு வைத்திருப்பது அவள்தான் என்று நினைக்கிறேன், ஏனென்றால் காப்புக்கு இதுவரை எவ்வளவு வட்டி போனது என்று நீங்கள் எழுதவே இல்லை. நானே போட்டுப் பார்த்தேன். 1,40,000க்கு அதே 15 வீதம் என்றால் வருடம் 21,000, இரண்டு வருடத்துக்கு 42,000. கடன் முதலில் ஒரு ரூபாகூடக் குறையவில்லை.

எந்த வங்கியில் வைத்தால் வட்டி குறைவு என்று நான் சொல்லுவேன் என எதிர்பார்த்திருப்பீர்கள். சொல்ல மாட்டேன். உங்கள் வீட்டில் ஒரு சந்தோஷம் வந்தால் உடனே ஒரு நகை வீட்டை விட்டுப் போகிறது, அந்தப் பழக்கத்தைத்தான் நிறுத்த வேண்டும்.

மகளின் அளவுகோலிலேயே பார்ப்போம். செலவெல்லாம் போக ஒரு பிரேஸ்லெட்டில் அவளுக்கு நிற்பது ஏறக்குறைய 285 ரூபா. 3 லட்சத்துக்கு வருட வட்டி 45,000. அந்த வட்டிக்கு மட்டும் அவள் 157, 158 பிரேஸ்லெட் பின்ன வேண்டும். முதலையும் சேர்த்து அடைப்பதென்றால் இன்னும் ஆயிரத்துச் சொச்சம், அதாவது இரண்டரை சீசன் உழைப்பு. ஒரு பின்னேரச் சாப்பாட்டுக்கு! அதுவும் சீசன் என்றால் ஐந்து மாதம்தான், ஒக்டோபருக்குப் பிறகு மழை தொடங்கினால் உப்புவெளி கடற்கரை எப்படிக் கிடக்கும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

மொய் வரும் என்கிறார் கணவர். வரும்தான், ஆனால் போன தடவையே செலவில் 60 வீதம்தானே வந்தது? சாமத்திய வீட்டுக்கே அவ்வளவு என்றால், பிரேஸ்லெட் விற்றதற்கு வைக்கும் விழாவுக்குச் சனம் என்ன கொடுக்கும் என்று கொஞ்சம் யோசியுங்கள். வந்ததையும் சும்மா விட முடியுமா? கொப்பியில் எழுதி வைத்து அவரவர் வீட்டு விசேஷத்தில் திருப்பிக் கொடுக்கிற காசு அது, என் கணக்கில் அதுவும் கடன்தான், வட்டி இல்லை என்பதுதான் வித்தியாசம்.

இப்படிச் சாதித்த பிள்ளைகளின் கதை எல்லார் போனிலும் சுற்றுகிறது. அமெரிக்காவில் மிக்கெய்லா உல்மர் என்ற சிறுமி 4 வயதில் எலுமிச்சைப் பானம் விற்கத் தொடங்கினாள். 2015இல் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியில் டேமண்ட் ஜோன் என்பவர் அவளுக்கு 60,000 டொலர் தர முன்வந்தார். அதைச் சொல்லுகிறவர்கள் மிச்சத்தைச் சொல்லுவதில்லை, அந்தக் காசுக்கு அவள் தொழிலில் கால் பங்கைக் கொடுக்க ஒப்புக்கொண்டாள். தொழிலுக்குள் போட வந்த காசு அது, மண்டபத்துக்கு வந்ததல்ல.

சரி, சித்தப்பா. மீன்பிடி நல்ல தொழில், எஞ்சினும் தேவைதான், ஆனால் அதற்கு ஒரு பிள்ளையின் காசு வேண்டாம். எப்போது திருப்பித் தருவார் என்று உங்கள் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை, அவரும் சொல்லியிருக்க மாட்டார். மகளின் பெயரில் சிறுவர் சேமிப்புக் கணக்கொன்றைத் திறந்து 60,000 போடுங்கள். பொதுவாக 18 வயதுவரை அதில் கை வைக்க முடியாது, சித்தப்பாவுக்குச் சொல்ல அதைவிட நல்ல சாட்டு இல்லை. ஆனால் முழுக் காசையும் அதில் போட்டுவிடாதீர்கள், ஏப்ரலில் மணி வாங்கக் காசில்லாமல் நிற்பீர்கள். 40,000ஐ உங்கள் பெயரில் தனிக் கணக்கில் வையுங்கள், வீட்டுச் செலவோடு கலக்காமல்.

அந்த ஆப்பைப் பற்றி எழுதவே கோபம் வருகிறது. நாளுக்கு 2 வீதம் வட்டிக்கு வட்டியாகச் சேர்ந்தால் 36 நாளில் இரட்டிப்பு, ஒரு வருடத்தில் 1,20,000 ரூபா 16 கோடியைத் தாண்டும். அந்தத் தம்பி கோடீஸ்வரராகிவிட்டாரா? ஆள் சேர்த்தால் காசு என்கிற பிரமிட் திட்டங்கள் இலங்கையில் சட்டப்படி குற்றம், மத்திய வங்கியும் எத்தனையோ தரம் எச்சரித்துவிட்டது. போட்டவருக்கு மட்டுமல்ல, சொந்தக்காரரைச் சேர்த்துவிட்டவருக்கும் வில்லங்கம்.

மிச்சம் 20,000. அதில் கொண்டாடுங்கள், நான் கஞ்சன் இல்லை. கோணேசர் கோயிலில் ஒரு அர்ச்சனை, வீட்டில் இருபது பேருக்குச் சாப்பாடு, அந்த இரண்டு விடுதிக்காரரையும் மறக்காமல் கூப்பிடுங்கள், அடுத்த சீசனுக்கு அவர்கள் வேண்டும். மகளுக்கு என்ன விருப்பம் என்பது கடிதத்தில் எங்கேயும் இல்லை. கேட்டுப் பாருங்கள், தோழிகளோடு ஒரு நாள் நிலாவெளிக்குப் போனால் போதும் என்பாளோ என்னவோ.

கணவரோடு இதைக் கதைக்க முன்னர் காப்பின் அடகுச் சீட்டைத் தேடி எடுத்துத் தவணை முடியும் திகதியைப் பாருங்கள். திருப்பி வைக்கத் தவறினால் ஏலத்துக்குப் போய்விடும். இந்த முறை வட்டியோடு முதலிலும் ஒரு 10,000 ஆவது கட்டிவிட்டு எனக்கு எழுதுங்கள், அந்தக் காசு மட்டும் கணவரின் கையிலிருந்து வரட்டும்.