எலும்பு கூடிய பிறகும் அடிபட்ட கழுகை ஏன் உடனே பறக்க விடுவதில்லை?

மறுவாழ்வு என்றால், அடிபட்ட பறவை மறுபடி தானே இரை பிடித்து வாழும் நிலைக்கு வருவது. ஆப்பிரிக்காவின் மார்ஷியல் கழுகையே எடுத்துக்கொள்வோம். சிறகை விரித்தால் சுமார் 2 மீட்டர். தென்னாப்பிரிக்காவின் காரூ வெளியில் மரங்கள் குறைவு என்பதால் மின்கோபுரங்களிலேயே கூடு கட்டும். கம்பியில் மோதி அடிபடுவதும் உண்டு.

இறக்கை எலும்பு சில வாரங்களில் கூடிவிடும். ஆனால் அசையாமல் கிடந்த நெஞ்சுத் தசை வற்றிப்போயிருக்கும். மாவுக்கட்டைப் பிரித்த அன்று நம் கால் மெலிந்துபோய், மாடிப்படி ஏறவே தடுமாறுவோமே, அதேதான். அதனால் காலில் நீளக் கயிறு கட்டிக் கொஞ்சம் கொஞ்சமாகப் பறக்கப் பழக்குவார்கள். தொடக்கத்தில் நாலு தடவை சிறகடித்ததுமே அலகைத் திறந்து மூச்சு வாங்கும், பாவம்.

கூண்டில் கறியை நன்றாகச் சாப்பிட்டால் குணமாகிவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். பறக்கவே முடியாத கழுகும் அப்படித்தான் சாப்பிடும்.