போகும்போது விட்ட பைக்கு வரும்போது பணம்: கிருஷ்ணகிரியிலேயே வழக்குப் போடலாமா?

கேள்வி: வணக்கம் வக்கீல் ஐயா. நான் காவேரிப்பட்டணத்தில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை. டெல்லியில் மகள் வீட்டுக்குப் போய்விட்டு நான்கு நாள் முன்புதான் திரும்பினேன். போகும்போது பெங்களூரு தேவனஹள்ளியில் என் சக்கர சூட்கேஸையும் தோள்பையையும் யாரும் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. நிப்பட்டும் மாம்பழமும் இருந்ததால் அப்போதுதான் கனம் அதிகம். திரும்பும்போது டெல்லியில் போர்டிங் கேட்டில் ஒரு ஊழியர் என்னை நிறுத்தினார். சூட்கேஸ், தோள்பை இரண்டையும் ஒன்றாகத் தராசில் வைத்து 8.4 கிலோ என்றார். 7 கிலோதான் அனுமதி என்று 2,300 ரூபாய் கட்டச் சொன்னார். ஜிபேயில் கட்டினேன். ரசீது மெயிலில் வரும் என்றார்கள், வரவில்லை. சூட்கேஸுக்கு டேக் போட்டு விமானத்தின் அடியில் ஏற்றினார்கள். வீட்டுக்கு வந்து பார்த்தால் ஒரு சக்கரம் உடைந்திருக்கிறது. மகள் வீட்டில் கிளம்பும் முன் மருமகன் தொங்கு தராசில் நிறுத்தபோது சூட்கேஸ் 6.6 கிலோதான் இருந்தது. எனக்கு முன்னால் இதைவிடப் பெரிய பையோடு போனவர்களை விட்டுவிட்டார்கள். இது நியாயமா? 2,300 ரூபாய்க்காக நான் டெல்லி கோர்ட்டுக்கு அலைய முடியுமா?

பதில்: டீச்சர், உங்கள் கடிதம் வந்த அன்றே போனில் சொன்னதை முதலில் இங்கே எழுதிவிடுகிறேன். மற்றவர்களுக்கும் இது தேவைப்படும். சக்கரம் உடைந்ததை, பை கைக்கு வந்த நாளிலிருந்து 7 நாளுக்குள் நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். 1972ஆம் ஆண்டின் விமானவழிப் போக்குவரத்துச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. எட்டாம் நாள் எழுதினால் எவ்வளவு நல்ல வழக்கும் படுத்துவிடும். மெயில் போதும். டேக்கின் படம், சக்கரத்தின் படம், போர்டிங் பாஸ் மூன்றையும் இணையுங்கள்.

உங்கள் கையில் இருந்தவரை அது கைப்பை. டேக் போட்டு அவர்கள் வாங்கிய பிறகு அது ஒப்படைத்த பெட்டி. கைப்பைக்குச் சேதம் என்றால் நிறுவனத்தின் தவறு என்று நாம் காட்ட வேண்டும். ஒப்படைத்த பெட்டிக்கு அது தேவையில்லை. அவர்கள் பொறுப்பில் இருந்தபோது உடைந்தது என்பதே போதும். சக்கரத்துக்கும் கைப்பிடிக்கும் பொறுப்பில்லை என்று நிபந்தனையில் எழுதியிருக்கிறோம் என்பார்கள். சட்டம் சுமத்திய பொறுப்பை நிபந்தனை எழுதிக் குறைக்க முடியாது என்று அதே சட்டத்தில் இருக்கிறது. பெட்டியே முன்பு பழுதாகி இருந்தது என்றால்தான் தப்பிக்கலாம்.

இனி அந்த 2,300 ரூபாய். மற்றவர்களை விட்டார்கள், என்னை மட்டும் பிடித்தார்கள் என்பதுதான் உங்களுக்கு அதிகம் வலிக்கிறது. வலிப்பது நியாயம்தான். ஆனால் அதை மட்டும் வைத்து வழக்கு நிற்காது. எல்லோரையும் சமமாக நடத்து என்று அரசியல் சாசனத்தின் 14ஆவது பிரிவு சொல்வது அரசைப் பார்த்து. தனியார் நிறுவனம் பத்துப் பேரை விட்டுவிட்டுப் பதினோராவது ஆளிடம் விதியைக் காட்டினால், அந்த விதி சரியாக இருக்கிறவரை அவர் தப்பிக்க முடியாது. ஆகவே உங்களை எப்படி அளந்தார்கள், எப்படிப் பணம் வாங்கினார்கள் என்பதைத்தான் நாம் பிடிக்க வேண்டும். அங்கே உங்கள் பக்கம் பலமாகவே இருக்கிறது.

தோள்பையை ஏன் சேர்த்து நிறுத்தார்கள்? பயணிக்கு ஒரு கைப்பைதான் என்ற விதி, பி.சி.ஏ.எஸ். என்கிற மத்திய விமானப் பாதுகாப்பு அமைப்பு 2000ஆம் ஆண்டு அனுப்பிய சுற்றறிக்கையில் இருக்கிறது. 2022 ஜனவரியில் அதைக் கண்டிப்பாக அமல்படுத்தச் சொல்லி விமான நிறுவனங்களுக்கு மறுபடியும் எழுதினார்கள். அந்த ஒரு பைக் கணக்கில் சேராத பொருட்களின் பட்டியலும் அதே சுற்றறிக்கையில் உண்டு. பெண்களின் கைப்பை அதில் இருக்கிறது. குடை, கைத்தடி, லேப்டாப், குழந்தைக்கான பால் உணவும்கூட இருக்கின்றன. அதாவது உங்கள் தோள்பை இரண்டாவது பை ஆகாது.

ஆனால் எண்ணிக்கை வேறு, எடை வேறு. எடையை நிறுவனம்தான் தன் நிபந்தனையில் வைக்கிறது. உள்நாட்டு சாதாரண வகுப்புக்குப் பெரும்பாலும் 7 கிலோ. சில நிறுவனங்கள் கைப்பைக்கு 7 கிலோவும், அதற்கு மேல் சின்னத் தோள்பைக்கோ லேப்டாப் பைக்கோ தனியாக 3 கிலோவும் தருகின்றன. உங்கள் டிக்கெட்டிலும் அந்த நிறுவனத்தின் இணையதளத்திலும் என்ன எழுதியிருக்கிறது என்று இன்றே பார்த்து, தேதி தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். பக்கத்தை நாளை மாற்றிவிடலாம். தோள்பைக்குத் தனி அளவு என்று இருந்தால், 8.4 கிலோ என்ற கணக்கே தப்பு. 6.6க்குப் பணம் கேட்க அவர்களுக்கு வழியே இல்லை. இரண்டும் சேர்த்து 7 கிலோதான் என்று தெளிவாக எழுதியிருந்தால், எடை விஷயத்தில் உங்கள் வாதம் பலவீனம் என்பதையும் நான் மறைக்க மாட்டேன். அப்போது ரசீதும் சக்கரமும்தான் மிஞ்சும்.

அடுத்தது தராசு. நம் உழவர் சந்தையில் தக்காளி நிறுக்கும் தராசுக்குக்கூட முத்திரை இருக்க வேண்டும். எடை போட்டுக் காசு வாங்குகிற எவருக்கும் 2009ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டம் பொருந்தும். சேவைக்கு எடை பார்த்துக் கட்டணம் வாங்கினாலும் அப்படித்தான். விமான நிலையத் தராசுக்கு மட்டும் விலக்கு கிடையாது. எந்தத் தராசு, கடைசியாக எப்போது முத்திரை போட்டது, சான்றின் நகல் எங்கே என்று நிறுவனத்துக்கு அனுப்பும் நோட்டீஸில் கேளுங்கள். மருமகன் நிறுத்த தொங்கு தராசுக்கு முத்திரை இருக்காது, அதை எதிர்த் தரப்பு சொல்லும். பரவாயில்லை. நுகர்வோர் ஆணையம் பிரமாண வாக்குமூலங்களைப் பார்த்தே முடிவு செய்யக்கூடிய இடம். மருமகன் ஒரு வாக்குமூலம் எழுதிக் கொடுக்கட்டும். அதற்கு எதிராக வைக்க முத்திரைச் சான்று அவர்களிடம் இருக்கிறதா என்று பார்ப்போம்.

ரசீது தராதது தனிக் குற்றச்சாட்டு. வாங்கிய பணத்துக்கு ரசீது தர மறுப்பதை, 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பிரிவு 2(47)இல், முறையற்ற வணிக நடைமுறை என்றே பெயர் சொல்லி வைத்திருக்கிறது. ஜிபேயைத் திறந்து, பணம் யார் பெயருக்குப் போயிருக்கிறது என்று பாருங்கள். நிறுவனத்தின் பெயரா, வேறு ஏஜென்சியா, தனி ஆளா? தனி ஆளின் பெயராக இருந்தால் உடனே எனக்குச் சொல்லுங்கள், விஷயம் வேறு திசையில் போகும்.

டெல்லிக்கு அலைய வேண்டியதில்லை. பழைய சட்டத்தில் இந்தக் கவலைக்கு இடம் இருந்தது. 2020 ஜூலை 20 முதல் அமலுக்கு வந்த புதிய சட்டத்தின் பிரிவு 34, புகார்தாரர் வசிக்கும் ஊரிலேயே புகார் கொடுக்கலாம் என்கிறது. காவேரிப்பட்டணத்துக்குக் கிருஷ்ணகிரி மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். டிக்கெட்டின் அடியில் எந்த ஊர் கோர்ட்டின் பெயரை அச்சடித்திருந்தாலும் கலங்க வேண்டாம். சேவைக்குக் கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் கட்டணம் கிடையாது. வக்கீல் கட்டாயமில்லை. நுகர்வோர் ஆணையங்களுக்கான இ-ஜாக்ரிதி இணையதளத்தில் வீட்டிலிருந்தே தாக்கல் செய்யலாம், காணொலியில் ஆஜராக அனுமதி கேட்கலாம். நடந்த நாளிலிருந்து 2 வருடம் அவகாசம் உண்டு. எதிர்த் தரப்பு 30 நாளில் பதில் தர வேண்டும், மிஞ்சிப்போனால் இன்னும் 15 நாள். அதற்கு மேல் கிடையாது என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2020இல் முடித்துவிட்டது.

ஒரு எச்சரிக்கை. கோபத்தில் மனுவில் நிபந்தனைகளே அநியாயம் என்று எழுதிவிடாதீர்கள். அநியாய ஒப்பந்தம் என்று புகார் சொன்னால் அதை விசாரிப்பது மாநில ஆணையம். மாவட்டத்துக்கு அந்த அதிகாரம் இல்லை. எதிர்த் தரப்பு வக்கீல் முதல் நாளே அதைப் பிடித்துக்கொள்வார். சேவைக் குறைபாடு, முறையற்ற வணிக நடைமுறை, இந்த இரண்டோடு நிறுத்துங்கள். 2,300 ரூபாய், சூட்கேஸ் பழுதுச் செலவு, மன உளைச்சலுக்கு ஒரு நியாயமான தொகை, வழக்குச் செலவு ஆகியவற்றைக் கேளுங்கள். லட்சக் கணக்கில் எழுதுவதால் மனு வலுவாகிவிடாது.

அதற்கு முன் ஒரு படி. நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கு ஸ்பீட் போஸ்ட்டில் நோட்டீஸ் அனுப்புங்கள்; பதிலுக்கு 15 நாள் கொடுங்கள். கேட்டின் கேமரா பதிவை அழிக்காமல் வைத்திருக்கும்படி அதில் தேதி, நேரம், கேட் எண்ணோடு எழுதுங்கள். மற்றவர்களை விட்டது அந்தப் பதிவில்தான் இருக்கும். தனியாக நிற்காத அந்த விஷயம், தாறுமாறாக அளந்தார்கள் என்பதற்குத் துணைச் சாட்சியாக அங்கே உதவும். நாள் ஆனால் பழைய பதிவின் மேல் புதியது ஏறிவிடும், அதனால் தாமதிக்காதீர்கள். கூடவே மத்திய அரசின் ஏர்சேவா தளத்தில் ஒரு புகாரும், 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் ஒரு புகாரும் பதியுங்கள். பல பேருக்கு இந்தக் கட்டத்திலேயே பணம் திரும்பி வந்துவிடுகிறது. வந்தால் சக்கரத்தை விட்டுவிடாதீர்கள். அதையும் சேர்த்துத் தீர்த்தால்தான் கையெழுத்து.

அடுத்த முறை கேட்டில் பையை வாங்கினால், கொடுப்பதற்கு முன் பவர் பேங்க், மாத்திரை, நகை, போன் சார்ஜர் எல்லாவற்றையும் தோள்பைக்கு மாற்றுங்கள். பவர் பேங்க் அடியில் போகவே கூடாது, தீப்பிடிக்கும் ஆபத்து. தராசின் எண்ணை, பையோடு சேர்த்து ஒரு படம் எடுங்கள். ஒவ்வொரு பையையும் தனித்தனியாக நிறுக்கச் சொல்லுங்கள். சத்தம் போட வேண்டாம். சண்டை போட்டார் என்று எழுதிவிட்டால் கதை திரும்பிவிடும். பணத்தைக் கட்டி ஏறிவிட்டு, ஊருக்கு வந்து எழுதுங்கள்.

அப்புறம், சூட்கேஸைச் சக்கரம் மாற்றக் கொடுத்துவிடாதீர்கள் டீச்சர். டேக்கைப் பிய்க்காமல் அப்படியே வையுங்கள். பெங்களூர் ரோட்டிலோ கிருஷ்ணகிரி பஸ் ஸ்டாண்டு பக்கமோ ஒரு பெட்டி ரிப்பேர் கடையில் எவ்வளவு ஆகும் என்று மட்டும் எழுதி வாங்கி, கடை முத்திரையோடு எடுத்து வாருங்கள்.